குருசும் திமிலும்

நம் ஊர்களின் எல்லையிலும் தெருமுனைகளிலும் குருசடிகள் நிற்கின்றன. குருசு என்பது தமிழ் வேரில் முளைத்த சொல் அன்று. போர்த்துக்கீசியரின் வாய்வழியே கடற்கரையில் இறங்கி, நம் முன்னோரின் செபங்களில் ஏறி, நானூறு ஆண்டுகளுக்கு மேலாகப் புழங்கித் தமிழாகவே ஆகிவிட்ட சொல் அது. நம்முள் பலருக்குக் குரூஸ் என்பது குடும்பப் பெயர். ஸ்பானிய மொழியிலும் சிலுவைக்கு இதே சொல்தான். ஆனால் ஸ்பெயின் நாட்டுக் குதிரைக்காரர் ஒருவரிடம், "இதன் குரூஸ் எங்கே?" என்று கேட்டால், அவர் கோவில் கோபுரத்தைக் காட்டமாட்டார், குதிரையின் கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டின் மீது கையை வைப்பார். முன்னங்கால்களின் எலும்புகளும் முதுகெலும்பும் ஒன்றையொன்று குறுக்கிடும் இடமாதலால் அம்மேட்டுக்கு அங்கே சிலுவை என்று பெயர். விலங்கின் உயரத்தை அளப்பதும் அவ்விடத்திலிருந்துதான். ஆங்கிலேயர் அதே மேட்டை விதர்ஸ் என்பர். நுகத்தையோ கழுத்துப்பட்டையையோ எதிர்த்து உந்தும் இடம் என்பது அச்சொல்லின் பழம்பொருள் என்று சொல்லாய்வாளர் கருதுவர்.

ஒரே மேட்டை ஒருவர் அதன் வடிவத்தால் பெயரிட்டார். மற்றவர் அதன் உழைப்பால் பெயரிட்டார். இவ்விரு சொற்களுக்கும் இடையே நிற்கும் மொழிபெயர்ப்பாளர் அகராதியை மட்டும் நம்பிக் குரூஸ் என்பதைச் சிலுவை என்று எழுதிவிட்டால், குதிரையின் உயரம் எங்கிருந்து அளக்கப்பட்டது என்பதே படிப்பவருக்கு விளங்காது போய்விடும்.

ஸ்பானிய மொழிக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் வினவலாம். இந்திய மாட்டினங்கள் பத்தொன்பதாம், இருபதாம் நூற்றாண்டுகளில் கப்பலேறி அமெரிக்கக் கண்டங்களுக்குச் சென்றன. இன்று பிரேசில் நாட்டின் பெரும் மாட்டினமாக விளங்கும் நெல்லோரே, அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரின் பெயரைத் தாங்கியது. நாம் ஓங்கோல் மாடு என்று அறிந்த இனமே அது. மெக்சிகோ முதலிய ஸ்பானிய மொழி நாடுகளிலும் செபு என்று வழங்கும் திமில் மாடுகள் பல்கியுள்ளன. அவற்றைப் பற்றி அங்கே ஸ்பானிய மொழியில் எழுதப்படுவன ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு, நம் கால்நடைப் படிப்பாளிகளின் மேசைக்கு வருகின்றன. நம் மாடு பிறமொழி உடுத்து நம்மிடமே திரும்புகிறது. வரும்போது அதன் உறுப்புகளும் அளவுகளும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்வது நமக்கு வேண்டாத வேலை ஆகாது.

மூன்று மொழிகள் கூடும் நிலம்

இக்கேள்வியை எண்ணிப்பார்க்க ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியைப்போல் பொருத்தமான இடம் தமிழகத்தில் அரிது. ஓசூர் என்ற பெயரே ஒரு மொழிபெயர்ப்பைக் கேட்டு நிற்கிறது. கன்னடத்தில் அது புதிய ஊர் என்று பொருள்படும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் ஒலிக்கும் ஊர் இது. தமிழர் திமில் என்பதைத் தெலுங்கர் மூபுரம் என்பர். கன்னடியர் டுப்பா என்பர். மாடு வாங்கப் போகிறவர் மூன்றையும் அறிந்திருப்பார். பள்ளிக்கூடம் காணாத தரகர்கூட இங்கே மொழிபெயர்ப்பாளரே.

ஓசூரை அடுத்த மத்திகிரியில் 1824ஆம் ஆண்டில் ஒரு பண்ணை தொடங்கப்பட்டது. ஏறத்தாழ 1,600 ஏக்கர் பரப்புள்ள அப்பண்ணை முதலில் ஆங்கிலேயப் படைக்குக் குதிரைகளைப் பேணிப் பழக்கித் தரும் இடமாக இருந்தது. இருபதாம் நூற்றாண்டில் அது கால்நடைப் பண்ணையாக மாறியது. சிந்து நாட்டுச் சிவப்பு மாடுகள் அங்கே மந்தையாகப் பேணப்பட்டன. அங்கே பணியாற்றிய லிட்டில்வுட் என்னும் ஆங்கிலேய அதிகாரி, தென்னிந்தியக் கால்நடைகளைப் பற்றி எழுதிய நூல் 1936இல் சென்னை அரசு அச்சகத்தில் வெளிவந்தது. காங்கேயம், ஆலம்பாடி, பர்கூர், ஹள்ளிக்கார் என நம் மாட்டினங்களை ஒவ்வொன்றாக வருணித்த நூல் அது. பின்னர் 1953இல் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம், இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் உள்ள செபு மாடுகளைப் பற்றி ஜோஷி, பிலிப்ஸ் ஆகிய இருவரும் எழுதிய நூலை வெளியிட்டபோது, நம் காவிரிக்கரை மாடுகளும் உலகத்தார் முன் நின்றன.

அந்த நூல்களில் உள்ள அளவுகளும் வருணனைகளும் ஆங்கிலத்தில் உள்ளன. ஆனால் அம்மாடுகளோடு வாழ்ந்த மக்கள் ஆங்கிலம் பேசியவர் அல்லர். அவர்கள் தமிழிலோ கன்னடத்திலோ தெலுங்கிலோ சொன்னது ஆங்கிலமாயிற்று. ஆகவே ஸ்பானியத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் பெயர்ப்போர் இன்று சந்திக்கும் இடர்கள் எல்லாம், ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே இம்மண்ணில் சந்திக்கப்பட்டவை.

கை அளந்த அளவுகள்

அளவிலிருந்து தொடங்குவோம். படைக்குதிரைகள் நின்ற மத்திகிரியில் உயரத்தை ஆங்கில முறைப்படி 'கை' என்னும் அளவால் குறித்திருப்பர். ஒரு கை என்பது 4 அங்குலம். குதிரையின் உயரம் 14.2 என்று எழுதியிருந்தால் அது பதினான்கும் பத்தில் இரண்டும் அன்று. 14 கையும் 2 அங்குலமும். அதாவது 58 அங்குலம். 14.3க்கு அடுத்தது 15, 14.4 என்று ஓர் உயரமே இல்லை. புள்ளியைக் கண்டவுடன் தசமம் என்று கொள்வோர் இங்கேயே இடறுவர்.

ஸ்பானியரோ குதிரையைக் குவார்த்தா என்னும் அளவால் அளந்தனர். ஏழு குவார்த்தா உயரம், அதற்குமேல் இத்தனை விரல் என்று சொல்வது அவர்தம் பழைய வழக்கு. குவார்த்தா என்றால் கால் பங்கு. வாரா என்னும் கோலளவில் நான்கில் ஒன்று. இதனையே பால்மோ என்றும் சொல்வர். கட்டைவிரல் நுனி முதல் சுண்டுவிரல் நுனிவரை கையை விரித்தால் வரும் நீளம் அது. நம் சாண் அல்லவா இது! அங்கே 12 விரல் ஒரு பால்மோ. இங்கே 12 விரல் ஒரு சாண். அங்கே 4 பால்மோ ஒரு வாரா; இங்கே 2 சாண் ஒரு முழம், 2 முழம் ஒரு கஜத்துக்கு ஒப்பு. கடல்கள் பல கடந்து வாழ்ந்த இரு மக்கள், கையென்னும் ஒரே அளவுகோலைக்கொண்டு ஒரே கணக்கைப் போட்டிருக்கின்றனர்.

இதனை ஆங்கிலத்தில் பெயர்ப்பவர் 'கை' என்று எழுதினால் என்ன ஆகும்? காஸ்தீலிய வாரா 83.6 சென்டிமீட்டர், குவார்த்தா ஏறத்தாழ 20.9 சென்டிமீட்டர். ஏழு குவார்த்தா உயரமுள்ள குதிரை 146 சென்டிமீட்டர் நிற்கும். ஆங்கில முறையில் 14 கையும் ஒன்றரை அங்குலமும் என்று கொள்ளலாம். ஏழு கை என்று எழுதிவிட்டாலோ, அந்தப் போர்க்குதிரை 28 அங்குல உயரமுள்ள ஆட்டுக்குட்டியாகச் சுருங்கிவிடும். சாண் என்னும் சொல்லை அறிந்த தமிழருக்கு நேராக விளங்கக்கூடிய ஒன்று, ஆங்கிலத்தின் வழியே வரும்போது குழம்புகிறது என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

இதனினும் நுட்பமான இடர் ஒன்றுண்டு. ஸ்பானியரின் புல்காதா என்பதை அகராதிகள் அங்குலம் என்றே பெயர்க்கும். அச்சொல் கட்டைவிரலிலிருந்து பிறந்தது. பழைய காஸ்தீலியப் புல்காதா 2.32 சென்டிமீட்டர், ஆங்கில அங்குலம் 2.54 சென்டிமீட்டர். ஒரு விரல் நுனியளவுகூட இல்லாத இவ்வேறுபாடு என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். கணக்கிட்டுக் காண்போம். எடைக்கல் இல்லாத ஊரில் மாட்டின் எடையை அறிய ஒரு வாய்பாடு உண்டு. தோள்முனையிலிருந்து பின்புறத்து எலும்பு முனைவரை உள்ள நீளத்தையும், முன்னங்கால்களுக்குப் பின்னே நெஞ்சைச் சுற்றி வரும் சுற்றளவையும் அங்குலத்தில் எடுத்து, சுற்றளவை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 300ஆல் வகுத்தால் எடை பவுண்டில் கிடைக்கும். நீளம் 50, சுற்றளவு 60 எனில் எடை 600 பவுண்டு, அதாவது 272 கிலோ. அந்த 50உம் 60உம் உண்மையில் புல்காதாக்களாக இருந்தால் மாட்டின் எடை 458 பவுண்டுதான், அதாவது 208 கிலோ. விரல் நுனியளவு வேறுபாடு 64 கிலோவாக வளர்ந்து நிற்கிறது! எடைக்கேற்ப மருந்து கொடுக்கும் மருத்துவரிடம் இந்தத் தவறு போய்ச்சேர்ந்தால் அது ஏட்டுத் தவறாக நிற்காது. வாயில்லா உயிரின் உடம்பில் இறங்கும்.

நம் மொழியிலேயும் இதே வரலாறு நிகழ்ந்துள்ளது. அங்குலம் என்பது முற்காலத்தில் விரல் அகலத்தைக் குறித்த சொல். ஆங்கில அளவு வந்தபின் அச்சொல்லையே புதிய அளவுக்குச் சூட்டிவிட்டோம். பழைய சுவடிகளில் அங்குலம் என்று காணும் இடமெல்லாம் 2.54 சென்டிமீட்டர் என்று கொள்வோர், பாட்டன் அளந்ததைப் பேரனின் கோலால் அளக்கிறவர் ஆவர்.

எடைச் சொற்களிலும் இவ்வாறே. ஸ்பானியரின் அர்ரோபா 25 லிப்ரா. பழைய காஸ்தீலியக் கணக்கில் ஏறத்தாழ 11.5 கிலோ. இன்றைய பிரேசில் இறைச்சிச் சந்தையில் அதே அர்ரோபா 15 கிலோ. நம் நாட்டு மணங்கும் அப்படித்தான்: சென்னை மணங்கு 8 வீசை, 25 பவுண்டு, வங்காள மணங்கு 82 பவுண்டுக்கும் மேல். எந்த ஊர், எந்தக் காலம் என்று கேட்காமல் எடையைப் பெயர்க்கக் கூடாது என்பதற்கு இவை போதிய சான்றுகள்.

உடம்பின் பெயர்கள்

உறுப்புகளுக்கு வருவோம். விலங்கின் உடம்பைப் பெயரிடும்போது மனிதன் தன் உடம்பையே முதலில் பார்க்கிறான். குதிரையின் முன்னங்காலில் நடுவே மடியும் மூட்டை ஆங்கிலேயரும் ஸ்பானியரும் நாமும் முழங்கால் என்றே சொல்கிறோம். ஆனால் எலும்பு எலும்பாக ஒப்பிட்டால் அது நம் மணிக்கட்டு. பின்னங்காலில் பின்புறமாகத் துருத்தி நிற்கும் மூட்டு நம் குதிகால். இதற்கு ஆங்கிலேயர் வைத்த ஹாக் என்னும் பெயர் குதிகால் என்ற பழஞ்சொல்லிலிருந்தே வந்தது. ஸ்பானியர் வைத்த கொர்வேஹோன் என்னும் பெயரோ முழங்காலின் பின்மடிப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. ஒரே மூட்டை ஒருவர் குதிகாலாகக் கண்டார், மற்றவர் முழங்காலின் பின்புறமாகக் கண்டார். சொல்லின் வேரைப் பிடித்துக்கொண்டு பெயர்ப்பவர் வேறு உறுப்புக்குப் போய்விடுவார். மாட்டின் காலைத் தொட்டுப் பார்ப்பவர் தவறமாட்டார்.

முழங்காலுக்குக் கீழே நீண்டு செல்லும் எலும்பை ஸ்பானியர் கான்யா என்பர். நாணல், கரும்பு என்று பொருள். ஆங்கிலத்தில் அது கேனன் எலும்பு. கேனன் என்றதும் பீரங்கி நினைவுக்கு வரும். ஆனால் இரு சொற்களும் நாணலைக் குறிக்கும் ஒரே இலத்தீன் சொல்லின் மக்கள். குழல் போன்றிருப்பதால் எலும்புக்கும் அப்பெயர், பீரங்கிக்கும் அப்பெயர். அதனைப் பீரங்கி எலும்பு என்று தமிழ்ப்படுத்துவோர் நாணல் இருந்த இடத்தில் வெடிமருந்தை வைத்தவர் ஆவர். அதற்கும் கீழே, குளம்புக்கு மேலே சாய்ந்து நிற்கும் பகுதிக்கு ஸ்பானியத்தில் குவார்த்தில்யா என்று பெயர். அதே சொல் ஒரு முகத்தலளவையையும், கால்தாள் காகிதத்தையும் குறிக்கும். உறுப்பா, அளவா, காகிதமா என்பதை அகராதி சொல்லாது. வாக்கியமும் விலங்குமே சொல்லும்.

குளம்பின் பெயரில் ஸ்பானியர் நம்மிலும் ஆங்கிலேயரிலும் நுட்பம் காட்டினர். குதிரையின் ஒற்றைக் குளம்பு காஸ்கோ; மாட்டின் பிளந்த குளம்பு பெசூன்யா. ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே சொல்லாகிவிடும். தமிழிலோ நமக்கு ஒரு சொல் ஆயத்தமாக இருக்கிறது. லேவியர் நூலின் 11ஆம் அதிகாரத்தில் உண்ணத்தகும் விலங்குகளையும் தகாதவற்றையும் பிரித்துக் கூறுமிடத்தில், விவிலியத்தைத் தமிழாக்கியோர் விரிகுளம்பு என்று எழுதினர். பெசூன்யாவுக்கு அதனினும் பொருத்தமான சொல் கிடைப்பது அரிது. விவிலியத்தை மொழிபெயர்த்தோரும் விலங்கின் காலடியைக் குனிந்து பார்க்க வேண்டியிருந்தது என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

தாடைக்குக் கீழே தொங்கி அசையும் தோலை ஸ்பானியர் பாப்பாதா என்பர். கொழுத்த மனிதரின் இரட்டை மோவாய்க்கும் அதே சொல். நம் முன்னோர் அதற்கு அலைதாடி என்று பெயரிட்டனர். மாடு நடக்கையில் அத்தோல் அலையாக அசைவதைக் கண்ட கண் அச்சொல்லில் இருக்கிறது. உடம்பின் மயிர் சுழன்றிருக்கும் இடத்தை ஸ்பானியர் ரெமோலீனோ என்பர். நீர்ச்சுழலுக்கும் அதுவே பெயர். நாம் சுழி என்கிறோம். ஆற்றுச் சுழலும் சுழிதான். சுழி பார்த்து நன்மை தீமை சொல்லும் வழக்கம் அங்குள்ள குதிரைக்காரரிடமும் உண்டு. இங்குள்ள மாட்டுக்காரரிடமும் உண்டு. நம்பிக்கையை நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் சொல்லை இழக்க வேண்டியதில்லை.

பல் பார்த்து வயது சொல்வதும் இவ்வாறே. மாட்டுக்கு முன்பற்கள் கீழ்த்தாடையில் மட்டும் எட்டு. ஏறத்தாழ இரண்டு வயதில் முதல் இணை பாற்பல் விழுந்து நிலைப்பல் முளைக்கும். பின்னர் ஒவ்வோர் இணையாக, நான்கு ஐந்து வயதில் எட்டும் நிறைவுறும். போச்சம்பள்ளி போன்ற வாரச்சந்தைகளில் மாடு பார்க்க வருவோர் வயதை ஆண்டாகக் கேட்பதைவிடப் பல்லாகக் கேட்பதே மிகுதி: இரண்டு பல், நாலு பல், ஆறு பல், கடை சேர்ந்தது. பல் முழுதும் நிறைந்த குதிரையை ஸ்பானியர் செர்ராதோ, அதாவது மூடியது என்பர். ஆங்கிலேயர் நிறைவாய் என்பர். மூடியது, நிறைந்தது, கடை சேர்ந்தது: மூன்றும் ஒரே வாயைப் பார்த்துச் சொன்னவை. இவற்றைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் மூன்றும் பொருளிழக்கும்.

இனித் திமிலுக்கு வருவோம். முல்லைக்கலியில் ஏறுதழுவும் இளைஞர் பற்றிய இமில் இதுவே. ஐரோப்பிய மாட்டுக்குத் திமில் இல்லை. ஸ்பானியப் போர்க்காளையின் பிடரியில் மொர்ரில்யோ என்னும் தசைத்திரட்சி உண்டு. அது திமில் அன்று. திமிலில்லா விலங்குக்காக வகுத்த அளவுமுறையில் உயரம் என்பது குரூஸ் வரை. அம்முறையைத் திமில் மாட்டின்மேல் அப்படியே வைத்தால் கோலை எங்கே நிறுத்துவது? திமிலின் உச்சியில் நிறுத்தினால், எலும்பின் உயரத்தோடு தசையின் உயரமும் சேர்ந்துவிடும். காளைக்கு ஓர் உயரமும் எருதுக்கு ஓர் உயரமும் பொய்யாக வரும். ஆகவேதான் செபு மாடுகளைத் திமிலுக்குப் பின்னே அளக்கும் வழக்கம் ஏற்பட்டது. ஸ்பானியர் 'குரூஸ் வரை உயரம்' என்று எழுதியதை ஆங்கிலத்தில் பெயர்ப்பவர், அந்த மாடு ஐரோப்பிய இனமா செபுவா என்று பாராமல் பெயர்க்கக் கூடாது. ஒருவேளை எழுதியவர் திமிலுக்குப் பின்னே அளந்துவிட்டுப் பழைய சொல்லையே எழுதியிருக்கலாம். விலங்கைக் கேட்டுத்தான் சொல்லைத் தேர வேண்டும்.

முன்னே நடந்தோர்

இப்பணியில் நமக்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை. மதுரை மறைத்தளத்தில் உழைத்த இயேசு சபைத் துறவி அந்தாவோ தெ புரோயென்சா தொகுத்த தமிழ், போர்த்துக்கீசிய அகராதி, அவர் இறந்தபின் 1679இல் அம்பழக்காட்டில் அச்சேறியது. 16,000க்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்ட அந்நூலை வத்திக்கான் நூலகத்தில் கண்டு, 1966இல் கோலாலம்பூரிலிருந்து மறுபதிப்பாக நமக்கு மீட்டுத் தந்தவர் தனிநாயகம் அடிகளார். வீரமாமுனிவரின் சதுரகராதி 1732இல் எழுந்தது. அரண்மனைச் சொல்லோடு அடுக்களைச் சொல்லையும், நூலில் வாழும் சொல்லோடு நாவில் வாழும் சொல்லையும் மதிக்கும் பழக்கத்தை இத்தகைய அகராதிகளே வளர்த்தன.

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த இராஜாஜியும் இவ்வரிசையில் எண்ணத்தக்கவர். அரசியலில் பெரும்பெயர் பெறுமுன்னரே, சேலத்தில் வழக்கறிஞராக இருந்தபோது, 1916இல் அறிவியல் சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென ஒரு சங்கம் அமைத்தார். வேதியியல், இயற்பியல், தாவரவியல், கணிதம் ஆகிய துறைகளுக்குத் தமிழ்ச் சொல் தேடிய முயற்சி அது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியின் ஆறு தொகுதிகளும் 1936இல் நிறைவுற்றன. மத்திகிரியில் மாடுகளை ஆங்கிலத்தில் வருணித்த நூல் வெளிவந்ததும் அவ்வாண்டிலேதான். ஒருபுறம் சொற்கள், மறுபுறம் மாடுகள். இரண்டும் ஒரே மாகாணத்தில் ஒரே ஆண்டில் அச்சாகியும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை.

உலகக் கால்நடை உடலியலார் இக்குழப்பத்துக்கு ஒரு வழி கண்டனர். 1968இல் விலங்கு உறுப்புகளுக்கான பொதுப்பெயர்த் தொகுதியை இலத்தீனில் வெளியிட்டனர். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப்பின் நம் திருப்பலி இலத்தீனைவிட்டுத் தாய்மொழிக்கு வந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், மருத்துவர்கள் இலத்தீனை நாடினர் என்பது நினைக்கத்தக்கது. அவர்கள் கணக்கில் குரூஸும் விதர்ஸும் இரு தோள்பட்டைகளுக்கு இடைப்பட்ட பகுதி என்னும் ஒரே இலத்தீன் தொடரில் அடங்கும். இரு மொழிகளுக்கிடையே ஐயம் வரும்போது இத்தொகுதி நல்ல பாலம். ஆனால் பாலத்தின்மேல் எவரும் குடியிருப்பதில்லை. மாடு வளர்ப்பவரிடம் இலத்தீன் பேசமுடியாது. நாம் நம் தாய்மொழியில் செபிக்க வந்த காரணமும் அதுவே அல்லவா?

இழப்பின் அளவு

1970களுக்குப்பின் ஓசூர் தொழில் நகரமாயிற்று. சிப்காட் வளாகம் எழுந்தது; கனரக வண்டிகளும் இருசக்கர வண்டிகளும் கைக்கடிகாரங்களும் இங்கே உருவாகத் தொடங்கின. ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்து அளக்கும் தொழிலாளர் இன்று இம்மண்ணில் ஆயிரமாயிரம் பேர். இதனை நாம் குறைகூறவில்லை. அந்த ஆலைகள் தந்த ஊதியத்தில் நம் குடும்பங்கள் பல தலைநிமிர்ந்தன. ஆயினும் ஏர்பூட்டும் வேலை உழுவண்டிக்கும், பால் கறக்கும் வேலை கலப்பினப் பசுவுக்கும் போனபின், ஆலம்பாடி போன்ற உழைப்பு மாடுகளின் எண்ணிக்கை மிகவும் சுருங்கிவிட்டது. காவிரிக்கரை ஆலம்பாடியின் பெயர் தாங்கி, காடும் மலையும் மேய்ந்து வளர்ந்த அவ்வினத்தைக் காக்கத் தருமபுரி மாவட்டத்துக் காரிமங்கலத்தில் அரசு முயற்சி நடந்துவருகிறது. தை மாதத்தில் எருதுவிடும் விழாக்களில் ஓடும் காளைகளை மட்டுமே கண்டு வளரும் சிறுவருக்கு, நுகம் தாங்கும் திமிலை யார் தொட்டுக் காட்டுவார்?

மாடு அருகும்போது சொல்லும் அருகும். இருக்கும் சொல்லும் இடம் மாறிப்போகும். பர்கூர் என்று நூலில் படிக்கும் வெளியூர் மாணவர், கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பர்கூர் நகரத்தை நினைப்பார். அந்த மாட்டினமோ ஈரோடு மாவட்டத்து அந்தியூரை அடுத்த பர்கூர் மலையைச் சேர்ந்தது. ஒரே பெயருடைய இரண்டு ஊர்களுக்கிடையே ஓர் இனம் வழிதவறிப் போவது இவ்வளவு எளிது.

மொழிபெயர்ப்பு என்பது சொல்லுக்குச் சொல் தேடும் வேலை என்று பலர் எண்ணுகின்றனர். விலங்கின் உடம்பு நமக்குக் கற்பிக்கும் பாடம் வேறு. ஒரு மொழியின் சொல்லிலிருந்து நேரே மற்றொரு மொழியின் சொல்லுக்குத் தாவ முடியாது. முதற் சொல்லிலிருந்து இறங்கி, விலங்கின் தோலில் கைவைத்து, எந்த எலும்பு, எந்தத் தசை, எந்த ஊர்க் கோல் என்று அறிந்தபின்னரே இரண்டாம் சொல்லுக்கு ஏறவேண்டும். குரூஸ் என்பதை விதர்ஸ் என்றும், பால்மோ என்பதைச் சாண் என்றும், பெசூன்யா என்பதை விரிகுளம்பு என்றும் சரியாகச் சொல்லக்கூடியவர், உயிரைக் கண்டவரே. தனக்குச் சொல்லில்லாத அந்த உயிரைப் பற்றி நாம் பொய் சொல்லாதிருப்பது, அதன் உழைப்பை உண்டு வாழ்ந்த நமக்குள்ள குறைந்த அளவுக் கடன்.

இக்கடனைத் தீர்க்கப் பெரிய நிறுவனம் எதுவும் வேண்டியதில்லை. நம் பங்குகளில் மாட்டோடு வாழ்ந்து முதிர்ந்த பெரியவர்கள் இன்னும் இருக்கின்றனர். தமிழில் ஒருவர், தெலுங்கில் ஒருவர், கன்னடத்தில் ஒருவர் என உட்காரவைத்து, மாட்டின் மூக்கிலிருந்து வால்குஞ்சம்வரை ஒவ்வோர் உறுப்பையும் அவரவர் எப்படிச் சொல்கிறார் என்று கேட்டு எழுதலாம். பள்ளி மாணவர் சிலரும் ஒரு குறிப்பேடும் போதும். உறுப்பின் பெயரோடு, அதைத் தொட்டுக் காட்டும் கையின் படத்தையும் எடுத்து வைக்கலாம். பின்னாளில் எந்த மொழிக்காரர் வந்து பெயர்த்தாலும் அந்தக் கை அவருக்கு வழிகாட்டும். மத்திகிரிப் பண்ணை தொடங்கி 200 ஆண்டுகள் கடந்துவிட்டன. பிறமொழியில் நம் மாடுகளைப் பற்றி ஏடுகள் இருக்கின்றன. நம் மொழிகளில் அந்தக் குறிப்பேடு இன்னும் எழுதப்பட வேண்டியிருக்கிறது. சொன்னால் எழுதிக்கொள்ள ஆளில்லாமல் அப்பெரியவர்கள் போய்விடுமுன் அதனைத் தொடங்குவோம்.